தொட்டி மீனுக்குக் குழாய்த் தண்ணீர் ஆகுமா?

சென்ற இதழில் சாமந்தி நாற்று பற்றி எழுதும்போது, பேச்சுவாக்கில் எங்கள் முற்றத்து அல்லித் தொட்டியைப் பற்றியும் இரண்டு வரி எழுதியிருந்தேன். எழுதினாலும் எழுதினேன், சாமந்தியைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. வந்த கடிதமெல்லாம் தொட்டியைப் பற்றித்தான்! அவற்றில் ஒரு கடிதம் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

எழுதிய சகோதரிக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். கையில் ஒன்றரை வயதுக் குழந்தை. ஆசைப்பட்டு வாசல் பக்கம் ஒரு சிமெண்டுத் தொட்டி வைத்து, அல்லிக் கிழங்கு நட்டு, கப்பி மீன் பத்து வாங்கி விட்டிருக்கிறார். வெயிலில் தண்ணீர் குறைந்ததைப் பார்த்து, குழாயில் டியூபைச் சொருகி நிரப்பினாராம். மறுநாள் காலையில் பத்தும் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தனவாம். அதோடு போயிற்றா? "இவ கை வச்சது எதுதான் உருப்பட்டிருக்கு" என்று வீட்டில் ஒரு பேச்சு. "அக்கா, என் கை ராசியில்லாத கையா? தொட்டியைக் கவிழ்த்துப் போட்டுவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறார்.

கவிழ்க்க வேண்டாம் அம்மா. உங்கள் கைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. சமாசாரம் தண்ணீரில் இருக்கிறது. எப்படி இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறேன் என்கிறீர்களா? இதே காரியத்தை நானும் செய்துவிட்டு, இதே மாதிரி முழித்துக்கொண்டு நின்றவள்தான்!

எங்கள் வீடு தென்காசியில் பழைய வளவு வீடு. நடுவில் திறந்த முற்றம். அந்த முற்றத்தில் என் மாமனார் செங்கல் வைத்துக் கட்டிய தொட்டி, நீளம் ஐந்தடி, அகலம் மூன்றடி, ஆழம் ஒன்றரை அடி. நான் வாழ வந்தபோது அதில் வெள்ளை அல்லி பூத்துக்கிடக்கும். சாயங்காலம் விரியும், காலையில் வெயில் ஏறினால் கூம்பிக்கொள்ளும். மாமா சாய்வு நாற்காலியை அதன் பக்கத்தில் போட்டுத்தான் பேப்பர் படிப்பார்.

2012ஆம் வருஷம் எங்கள் பக்கம் டெங்குக் காய்ச்சல் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? 2019 நவம்பரில்தான் தென்காசி தனி மாவட்டம் ஆனது. அப்போது எல்லாம் திருநெல்வேலி மாவட்டம்தான். கடையநல்லூர் பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு காய்ச்சல். அந்த ஒரு வருஷத்தில் தமிழ்நாடு முழுக்க 12,000 பேருக்கு மேல் டெங்கு கண்டதாகவும், 66 பேர் இறந்ததாகவும் அரசாங்கக் கணக்கு. என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. அவளுக்கும் வந்தது. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். தினமும் ரத்தம் எடுத்து, தட்டணு எவ்வளவு, தட்டணு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே அந்த வராந்தாவில் நடந்த நடை எனக்குத்தான் தெரியும். பிழைத்து வீட்டுக்கு வந்த அன்றே அத்தை, ஆள் கூப்பிட்டு அந்தத் தொட்டியை இறைத்துவிட்டார். "பூவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்றார். அப்புறம் பத்து வருஷம் அதில் விறகும் பழைய ஓலையும்தான் கிடந்தன.

2022 தைப் பொங்கலுக்கு வீட்டை ஒதுங்க வைத்தபோது மகள்தான் பிடிவாதம் பிடித்தாள். "தாத்தா தொட்டிம்மா, மீன் விட்டா கொசு வராதும்மா, பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடுத்தாங்க" என்றாள். அத்தை அரை மனசாகச் சம்மதித்தார். பழைய தொட்டி ஆனதால் சிமெண்டுக் காரம் இல்லை. (புதுத் தொட்டியானால் மூன்று வாரம் நிரப்பி நிரப்பி இறைத்த பிறகுதான் எதையும் விட வேண்டும். சுண்ணாம்பு இறங்கி மீனைக் கொன்றுவிடும்.) கிணற்றுத் தண்ணீரால் நிரப்பினோம். கப்பி மீன் ஒரு டஜன் விட்டோம். ஆறு மாதத்தில் அது ஐம்பது அறுபது ஆயிற்று! கொசுப்புழு ஒன்று கண்ணில் படவேண்டுமே!

ஆடி வந்தது. குற்றாலத்தில் சாரல் என்றால் எங்களூர்ப் பெண்களுக்கு விருந்தாளிக் காலம் என்று அர்த்தம். பேரருவியில் குளித்துவிட்டு, ஐந்தருவியில் குளித்துவிட்டு, பசியோடு வருகிறவர்களுக்கு ஆக்கிப் போட்டே இடுப்பு ஒடிந்துவிடும். சாரல் பெய்கிறதே, தொட்டியில் தண்ணீர் குறையாது என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாக அடிக்கிற அந்தக் காற்று இருக்கிறதே, காயப்போட்ட சேலையைச் சுருட்டிக்கொண்டு போகும். ஊரைச் சுற்றி அத்தனை காற்றாடி மரங்கள் வேறெதற்கு நிற்கின்றன? அந்தக் காற்று தொட்டித் தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். பூந்தூறல் ஈடுகட்டாது. கிணற்று மோட்டார் வேறு பழுது. பார்த்தால் தண்ணீர் பாதிக்குக் கீழே.

அன்றைக்கு மதுரையிலிருந்து என் நாத்தனார் குடும்பம் எட்டுப் பேர். அடுப்பில் கூட்டாஞ்சோறு. தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. டியூபைத் தொட்டியில் போட்டுவிட்டு உள்ளே போனவள், அப்பளம் பொரிக்கிற மும்முரத்தில் மறந்தே போனேன். முற்றம் நிறைந்து வழிகிற சத்தம் கேட்டுத்தான் ஓடிவந்தேன். "சரி, நிறைஞ்சிட்டு" என்று டியூபைச் சுருட்டி வைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

சாயங்காலமே மீன்கள் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன. இரைக்குத்தான் வருகின்றன என்று பொரியைத் தூவினேன், பாவி! காலையில் ஒன்றுகூட மிச்சமில்லை. நாத்தனார் பிள்ளைகள் அழுத அழுகை! அத்தை அதிகம் பேசவில்லை. "ஏட்டி, விருந்தாளு வந்த வீட்டுல இப்படி ஆயிட்டே" என்று ஒரே சொல்தான். அந்த ஒரு சொல் போதாதா? முருங்கை மூட்டில் குழி தோண்டிப் புதைத்தேன்.

இதற்கு மேல்தான் கதை. தொட்டியைப் பார்க்கவே மனசில்லாமல் அப்படியே போட்டுவிட்டேன். ஒன்பது நாளோ பத்து நாளோ கழித்து, வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்க வரும் பெண்கள் வந்தார்கள். டார்ச் அடித்துப் பார்த்த ஒருத்தி, "எக்கா, இங்க வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள். தண்ணீர் முழுக்க நெளிகிறது! அதே தொட்டி, அதே டெங்குக் கொசு. என் மகள் அப்போது பள்ளிக்கூடம் போயிருந்தாள். எனக்குக் கால் நடுங்கிவிட்டது. தொட்டி ஆபத்தில்லை, மீன் இல்லாத தொட்டிதான் ஆபத்து என்று அன்றைக்குப் புரிந்தது. மீனைக் கொன்றது எது என்று தெரியாமல் மறுபடி மீன் விட்டும் பிரயோசனமில்லை.

தெரியச் சொன்னவர் என் வீட்டுக்காரரின் பெரியப்பா. அந்தக் காலத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்து உட்கார்ந்து, "ஏம்மா, குழாய்த் தண்ணிய அப்படியேவா விட்ட?" என்றார்.

"ஆமா பெரிய மாமா."

"அதுல மருந்து இருக்கும்லா! பிள்ளைக்குக் குடிக்கக் குடுக்கலாம். மீனுக்கு அது நெருப்பும்மா."

மருந்து என்றால் குளோரின். பிளீச்சிங் பவுடராகவோ வாயுவாகவோ போடுகிறார்கள். ஏன் போடுகிறார்கள் என்பதை நாம் மறக்கக்கூடாது. காலராவும் டைபாய்டும் தண்ணீர் வழியாக ஊர் ஊராக வாரிக்கொண்டு போன காலம் ஒன்று இருந்தது. இங்கிலாந்தில் லிங்கன் என்ற ஊரில் டைபாய்டு பரவியபோது, 1905ல் ஊர்த் தண்ணீரில் குளோரின் கலந்தார்கள். 1908ல் அமெரிக்காவில் ஜெர்சி சிட்டி என்ற நகரத்தில், டாக்டர் ஜான் லீல் என்பவர் முயற்சியால் நகரம் முழுவதற்கும் தினமும் கலக்க ஆரம்பித்தார்கள். அதன் பிறகுதான் உலகம் முழுக்கப் பரவிற்று. நம் நாட்டில் 2012ல் வெளியிட்ட குடிநீர்த் தர அளவு (ஐ.எஸ். 10500), குழாயில் வரும் தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருக்க வேண்டும் என்கிறது. வழியில் குழாய் உடைந்து சாக்கடை கலந்தால்கூடக் கிருமியைக் கொல்வதற்காக அந்த மிச்சம்.

ஆனால் அந்த 0.2 மில்லிகிராமே மீனுக்கு அதிகம். அதில் பத்தில் ஒரு பங்கு இருந்து, நாள் கணக்கில் நீடித்தாலே தொல்லைதான். நாம் குடிக்கிற தண்ணீர் வயிற்றுக்குள் போகிறது. மீனோ அதையே மூச்சாக விடுகிறது. செவுளின் மெல்லிய சவ்வில் குளோரின் பட்டால் வெந்துபோகும். தண்ணீரில் காற்று இருந்தும் மூச்சு முட்டும். மேலே வந்து வாயைத் திறப்பது அதனால்தான். நான் பொரி தூவிய நேரத்தில் அவை மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தன.

இன்னொரு சேதாரமும் உண்டு, அது கண்ணுக்குத் தெரியாது. தொட்டிச் சுவரிலும் கூழாங்கல்லிலும் வழவழவென்று ஒரு படலம் இருக்கும். அதில் நல்ல கிருமிகள் குடியிருக்கின்றன. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா விஷம். அந்தக் கிருமிகள்தான் அதைப் படிப்படியாக மாற்றி, அல்லிக்கு உரமாக ஆக்கித் தருகின்றன. தயிருக்கு உறை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். உறைமோர்க் கிண்ணத்தில் கொதிக்கிற பாலை ஊற்றினால் என்ன ஆகும்? குழாய்த் தண்ணீரைச் சுவரில் பீய்ச்சினால் அதுதான் ஆகிறது. பளபளவென்று இருக்கட்டும் என்று பிளீச்சிங் பவுடர் போட்டுத் தொட்டியைத் தேய்க்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சரி, என்ன செய்யலாம்?

செலவில்லாத வழி, ஆற வைப்பது. குழாய்த் தண்ணீரை வாயகன்ற பாத்திரத்தில் பிடித்து, வெயில் படுகிற இடத்தில் ஒரு நாள் முழுக்க வையுங்கள். குளோரின் தானாகக் காற்றோடு போய்விடும். வெயில் அதை இன்னும் சீக்கிரம் விரட்டும். குடத்தில் வைத்தால் போகாது. வாய் குறுகல், காற்றுப் படுகிற பரப்புக் குறைவு. அண்டா, பிளாஸ்டிக் டப், பெரிய பேசின் இவைதான் சரி. காலையிலும் மாலையிலும் ஒரு கரண்டிக் காம்பால் கலக்கிவிட்டால் இன்னும் நல்லது. ஆழமான அண்டாவானால் இரண்டு நாள் வைத்துவிடுங்கள். மழை வெள்ளக் காலத்தில் கூடவே ஒரு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டிய மழை மறக்குமா? அந்த மாதிரிச் சமயங்களில் மருந்து தூக்கலாகத்தான் போடுவார்கள், போடவும் வேண்டும்.

இதில் இரண்டு ஜாக்கிரதை. ஒன்று, செப்பு அண்டா, பித்தளை அண்டா வேண்டவே வேண்டாம். செப்புப் பாத்திரத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று நம் வீட்டில் குடிப்பார்கள். மீனுக்கும் நத்தைக்கும் செம்பு விஷம். என் வீட்டுப் பரணில் இருக்கும் சீர் அண்டாவை இறக்கலாமா என்று நானே யோசித்தேன், பெரிய மாமாதான் தடுத்தார். இரண்டு, ஆற வைக்கிறேன் என்று திறந்து வைத்த டப்பிலேயே டெங்குக் கொசு வந்து முட்டையிட்டுவிடும்! அதற்குப் பிடித்ததே இந்த மாதிரித் தெளிந்த தண்ணீர்தான். பழைய மல் வேட்டியை மேலே விரித்து, ஓரத்தில் கயிறு கட்டிவிடுங்கள். காற்றுப் போகும், கொசு போகாது. டப் காலியானதும் உள்பக்கம் நார் போட்டுத் தேயுங்கள். அந்த முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலேயே மாதக் கணக்கில் உயிரோடிருக்கும். தண்ணீர் பட்டதும் பொரிக்கும். பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தால் மட்டும் போதாது என்பது இதனால்தான்.

அவசரமானால் ஹைப்போ. சோடியம் தயோசல்பேட் என்பது முழுப் பெயர். கல்கண்டு மாதிரி இருக்கும். போட்டோ ஸ்டூடியோக்களில் பிலிம் கழுவ உபயோகித்த அதே உப்புதான். பெரிய மாமாவுக்கு அது தெரிந்திருந்ததில் ஆச்சரியமென்ன? இப்போது வண்ண மீன் விற்கிற கடைகளில் கிடைக்கிறது. குளோரின் எடுக்கும் மருந்து என்று சொட்டு மருந்தாகவும் விற்கிறார்கள். நான் செய்கிற கணக்கைச் சொல்கிறேன். 10 கிராம் ஹைப்போவை 1 லிட்டர் தண்ணீரில் கரைத்து ஒரு பாட்டிலில் வைத்துக்கொள்வேன். தொட்டிக்கு விடப்போகும் தண்ணீரில் 1 லிட்டருக்கு 1 மில்லி. அதாவது 15 லிட்டர்க் குடத்துக்கு 15 மில்லி. இருமல் மருந்தோடு வருகிற அளவு மூடி இதற்கு ரொம்பச் சௌகரியம். சாதாரணமாகக் குழாயில் வருகிற குளோரினுக்கு இது தாராளமாகப் போதும். விட்டுக் கலக்கி ஐந்து நிமிஷம் பொறுத்தால் போதும், அதன் வேலை முடிந்துவிடும். கரைசலை மாதம் ஒரு முறை புதிதாகக் கரைத்துக்கொள்ளுங்கள். பாட்டிலில் பெயர் எழுதி, குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். குடிதண்ணீர் பாட்டில் மாதிரியே இருக்கும் பாட்டிலில் தயவுசெய்து வேண்டாம்.

மோந்து பார்த்தால் தெரியாதா என்று கேட்டார் எதிர்வீட்டு மதினி. தெரியாது. நம் மூக்குக்கு எட்டாத அளவே மீனுக்குப் போதும். மீன் கடையில் சின்னப் பரிசோதனைப் பெட்டி விற்கிறார்கள். கொஞ்சம் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டால், குளோரின் இருந்தால் மஞ்சளாகும். மஞ்சள் தெரியாவிட்டால் சரி. சோதித்த தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றிவிட வேண்டும், தொட்டியில் அல்ல.

தண்ணீர் நல்லதாக இருந்தாலும் ஒரேயடியாகக் கொட்டக்கூடாது. ஒரு தடவையில் கால் பங்குக்கு மேல் வேண்டாம். கால் பங்கு என்பது எவ்வளவு? நீளம், அகலம், தண்ணீரின் ஆழம் மூன்றையும் அடிக்கணக்கில் பெருக்கி, வருவதை 28ஆல் பெருக்கினால் லிட்டர். என் தொட்டி ஐந்தடி, மூன்றடி, ஒன்றரை அடி, பெருக்கினால் 22½. அதை 28ஆல் பெருக்கினால் 630 லிட்டர். குடக்கணக்கில் 42 குடம். ஆக எனக்கு ஒரு தடவைக்குப் பத்துக் குடம்தான். அன்றைக்கு நான் டியூபில் விட்டது இருபது குடத்துக்கு மேல் இருக்கும்! முற்றத்தில் வழிந்து ஓடியது தனி. அதில் பழைய தண்ணீரும் போயிருக்கும்.

விடுவதற்கு முன் கையை வைத்துப் பாருங்கள். குழந்தைக்குக் குளிக்க வார்க்கும்போது முழங்கையால் சூடு பார்க்கிறோமே, அந்த மாதிரி. தொட்டித் தண்ணீரும் ஊற்றப்போகும் தண்ணீரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். மொட்டை மாடியில் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் டாங்கில் சித்திரை மத்தியானம் வருகிற தண்ணீரில் அரிசியே வெந்துவிடும். விடியற்காலையிலோ பொழுது சாய்ந்தோ ஊற்றுவதுதான் உத்தமம். சொம்பால் மொண்டு ஓரமாக, மெல்ல மெல்ல ஊற்றுங்கள்.

குறைந்த தண்ணீரை நிரப்பிக்கொண்டே இருந்தால் போதுமா என்றால், போதாது. தூத்துக்குடி உப்பளத்தில் நடப்பதுதான் தொட்டியிலும் நடக்கிறது. வெயில் தண்ணீரை மட்டும் கொண்டுபோகும். உப்பு அப்படியே தங்கும். ஆழ்குழாய்த் தண்ணீர் உபயோகிக்கிறவர்கள் தொட்டி ஓரத்தில் வெள்ளை வளையம் பார்த்திருப்பீர்கள். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை நாலைந்து குடம் பழைய தண்ணீரை எடுத்துவிட்டு, அந்த அளவு புதிது விடுங்கள். எடுத்த தண்ணீரை வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றிப் பாருங்கள். கடை உரம் தோற்றுப்போகும்!

ஆழ்குழாய்த் தண்ணீரில் குளோரின் இல்லை. ஆனால் பூமிக்குள்ளிருந்து வருவதால் அதில் காற்றும் குறைவு. உயரத்திலிருந்து டப்பில் விழவிட்டு, ஒரு இரவு வைத்திருந்து ஊற்றலாம். கிணற்றுத் தண்ணீர் நல்லதுதான், ஆனால் மழைக்காலத்தில் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் குழாய்த் தண்ணீர் மாதிரியே பாவியுங்கள். மழைத் தண்ணீர் அருமை. முதல் மழையை விட்டுவிட்டு, ஓட்டுத் தூசி கழுவிப்போன பிறகு பிடிக்க வேண்டும்.

"எதுக்கு இத்தனை பாடு? ஐந்து கிலோமீட்டர்ல அருவி இருக்கு. நாலு கேன்ல குற்றாலத் தண்ணி பிடிச்சிட்டு வந்து ஊத்துங்க மதினி, மூலிகைத் தண்ணில்லா!" என்றார் அதே எதிர்வீட்டு மதினி. எங்கள் ஊரில் எல்லா வியாதிக்கும் குற்றாலத் தண்ணீர்தான் மருந்து! பாறை மேல் ஓடிவருகிற அந்தத் தண்ணீரில் உப்பு கம்மி. ஆழ்குழாய் உப்புத் தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்த மீனை திடீரென்று அதில் விட்டால் அதுவும் ஒரு அதிர்ச்சிதான். போதாக்குறைக்கு சீசனில் அருவிக்குக் கீழே பிடிக்கிற தண்ணீரில் யார் தலை எண்ணெய், யார் சோப்பு என்று யாருக்குத் தெரியும்? அதனால்தானே 2014ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு எல்லாம் கூடாது என்று தடை போட்டது. ஒரு குடம் ஆசைக்கு ஊற்றினால் ஒன்றும் ஆகாது. அதையே நம்பித் தொட்டியை நிரப்ப வேண்டாம்.

வெளிநாட்டில் மகளோ மருமகளோ இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லண்டன், டல்லாஸ், சான்பிரான்சிஸ்கோ மாதிரி ஊர்களில் குளோரினோடு அமோனியாவும் சேர்த்துக் குளோரமின் என்று கலக்கிறார்கள். சான்பிரான்சிஸ்கோவில் இது 2004லிருந்து. அது எத்தனை நாள் ஆற வைத்தாலும் லேசில் போகாது. அங்கே அதற்கென்று விற்கும் மருந்தைத்தான் உபயோகிக்க வேண்டும். நம் ஊர்ப் பக்குவத்தைப் போனில் சொல்லி அங்கே மீனைக் கொல்ல வைத்துவிடாதீர்கள்!

மறுபடி கடிதம் எழுதிய சகோதரிக்கு வருகிறேன். தொட்டியில் இப்போது மீன் இல்லை அல்லவா? அப்படியானால் இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். தண்ணீரை டார்ச் அடித்துப் பாருங்கள். நெளிவது ஏதாவது தெரிந்தால் முழுக்க இறைத்து மண்ணில் கொட்டி, சுவரை நார் போட்டுத் தேய்த்து, ஒரு நாள் வெயிலில் காயவிடுங்கள். முட்டையிலிருந்து கொசுவாகிப் பறக்க எட்டுப் பத்து நாள் போதும். பிறகு நிரப்பி, நாலு நாள் வெயிலில் விட்டு, மேலே துணி கட்டி வைத்து, முதலில் இரண்டே இரண்டு மீன் விடுங்கள். பையோடு அரை மணி நேரம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, அப்புறம் திறந்துவிட வேண்டும். அவை ஒரு வாரம் சுறுசுறுப்பாக இருந்தால் மற்றதை விடலாம். இரையை அள்ளிப் போடாதீர்கள். வயிறு நிறைந்த மீன் கொசுப்புழுவைத் திரும்பிப் பார்க்காது, பிள்ளைகள் முறுக்கைத் தின்றுவிட்டுச் சோற்றை ஒதுக்குகிற மாதிரி.

கப்பி அதிகமாகிவிட்டால் வாய்க்காலிலோ சிற்றாற்றிலோ கொண்டு விட வேண்டாம். அது தென் அமெரிக்க மீன். கொசு ஒழிப்புக்கு விடுகிற கம்பூசியாவும் 1928ல் இத்தாலியிலிருந்து கொண்டுவந்ததுதான், அதன் பூர்வீகம் அமெரிக்கா. நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளுக்கென்றே உள்ள சின்ன மீன்களின் முட்டையையும் குஞ்சையும் இவை தின்றுவிடும். அக்கம்பக்கத்தில் தொட்டி உள்ளவர்களுக்குக் கொடுங்கள். எங்கள் தெருவில் இப்போது நாலு வீட்டில் என் வீட்டு மீன்!

எல்லாவற்றையும்விட முக்கியமானதைக் கடைசியில் சொல்கிறேனே, மன்னியுங்கள். உங்கள் குழந்தைக்கு ஒன்றரை வயது என்று எழுதியிருக்கிறீர்கள். மீனைப் பார்க்கிற ஆசையில் குழந்தை எட்டிப் பார்க்கும். அந்த வயதில் தலைதான் கனம். குப்புற விழுந்தால் எழுந்திருக்கத் தெரியாது. ஒரு சாண் தண்ணீரே போதும், சத்தம்கூடக் கேட்காது. தொட்டி அளவுக்குக் கம்பிவலைச் சட்டம் ஒன்று, குழந்தை ஏறினாலும் அமுங்காத கனத்தில், வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்து, பூட்டுக் கொக்கியோடு மூடி வையுங்கள். அல்லி இலை வலைக்குக் கீழே விரியும், பூ இடுக்கு வழியாக மேலே வரும். அழகு கெடும் என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த வலை வரும்வரை தொட்டியில் தண்ணீரே வேண்டாம்.

என் தொட்டிக்கு இந்த ஆவணியில் மூன்று வருஷம் நிறைந்தது. ஆற வைத்த டப்பில் வேட்டி கட்டுவது இப்போது அத்தையின் வேலை. என்னை விடமாட்டார். "நீ கட்டுனா கொசு புகுந்திரும்ட்டி" என்பார். சாயங்காலம் மாமாவின் நாற்காலியில் உட்கார்ந்து, "இன்னைக்குத் தண்ணி எத்தனை மணிக்குப் பிடிச்ச?" என்று கணக்குக் கேட்பார்.

சகோதரி, தொட்டி இன்னும் நிமிர்ந்துதான் இருக்கிறதா, இல்லை அதற்குள் கவிழ்த்துவிட்டீர்களா? ஒரு கார்டு போடுங்கள். அல்லிக் கிழங்கு வேண்டுமானால் அதையும் எழுதுங்கள், என்னிடம் நாலு இருக்கிறது.